கரையில் எடுக்க வேண்டிய முடிவு



ஆறு பெருகி ஓடும் நாளில் அதன் பக்கம் போகாதே என்பது நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பழைய அறிவுரை. அது சரியான அறிவுரை. என் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லியே வளர்த்தேன். ஆயினும் குளிர்காலம் வந்துவிட்டால், ஆற்றில் போதிய நீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஞாயிறு காலைகளில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவனாகவும் நான் இருக்கிறேன். இவ்விரண்டும் எவ்வாறு ஒத்துப்போகும் என்று உறவினர் பலர் கேட்டதுண்டு. சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், இங்கிலாந்தின் டார்ட் ஆற்றங்கரையில், என் மகனும் அதே கேள்வியை வேறு வடிவில் கேட்டான். அன்று நடந்ததையும், அதிலிருந்து நான் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் காயல்பட்டினத்தில் பிறந்தவன். தொழில் நிமித்தம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸிடர் நகரில் நெடுநாளாகக் குடும்பத்தோடு வாழ்கிறேன். இங்கே சிறிய படகு மன்றம் ஒன்றில் நானும் பதினேழு வயதான என் மகனும் உறுப்பினர்கள். நாங்கள் ஓட்டுவது கயாக் என்னும் சிறு படகு. அதில் ஒருவர் மட்டுமே அமரலாம். இருமுனையிலும் அலகுள்ள துடுப்பால் அதைச் செலுத்த வேண்டும். இடுப்பைச் சுற்றி அணியும் ரப்பர் விரிப்பு படகின் வாயை மூடி, தண்ணீர் உள்ளே வராமல் காக்கும். படகு கவிழ்ந்தால் வெளியே வராமலேயே, துடுப்பை வீசி இடுப்பைத் திருப்பி, படகை நிமிர்த்திக்கொள்ளும் உத்தி ஒன்று உண்டு. அதற்கு ‘ரோல்’ என்று பெயர். அது கைகூடாதவர் படகைவிட்டு வெளியேறி நீந்தியாக வேண்டும். மன்றத்தில் முஸ்லிம்கள் நாங்கள் இருவர் மட்டுமே. எங்கள் தொழுகை நேரத்தை மனத்தில் வைத்துப் பயணத் திட்டத்தை மாற்றியமைக்கும் நல்ல மனிதர்கள் அவர்கள்.

என் உம்மாவுக்கு இந்தப் பழக்கத்தில் உடன்பாடில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, தெருக்கள் ஆறுகளாயின. உம்மா இரண்டு இரவுகளை அண்டை வீட்டு மாடியில், மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கழித்தார். அந்த இரண்டு நாட்களும் இங்கே எங்களுக்கு உறக்கமில்லை. தொடர்பு கிடைத்த பிறகு ஒருநாள் உம்மா கேட்டார்: “நாங்கள் தண்ணீருக்குப் பயந்து மாடி ஏறினோம். நீயோ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போகிறாயாமே?” அந்தக் கேள்வியில் கோபம் இருக்கவில்லை, தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவரின் கவலைதான் இருந்தது. அதனாலேயே அதை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இனி டார்ட் ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில் அது பிறக்கிறது. அடியில் கருங்கல், அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் மக்கிப் படிந்த கரிய சதுப்பு மண். அந்த உயர்நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காயல்பட்டினம் ஒரே நாளில் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றது என்பதை எண்ணும்போது இப்போதும் உடல் சிலிர்க்கிறது. சதுப்பு மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே நனைந்து நிறைந்துவிட்டால், அதன்மேல் விழும் ஒவ்வொரு துளியும் உடனே ஓடையில் இறங்கிவிடும். ஆகவே டார்ட் சில மணி நேரத்தில் பொங்கி எழும். ஒரே நாளில் வடியும். கிழக்கு டார்ட்டும் மேற்கு டார்ட்டும் டார்ட்மீட் என்னும் ஊரில் ஒன்றுகூடி, காடடர்ந்த பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, டார்ட்மத் துறைமுகத்தில் கடலோடு சேர்கின்றன.

நியூபிரிட்ஜ் என்னும் பழைய கல்பாலத்தின் அருகே தொடங்கி, ஹோல்ன் பாலத்தைக் கடந்து முடியும் பகுதிக்குப் படகோட்டிகள் ‘லூப்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆறு அங்கே வளையம்போல் சுற்றிவருவதால் அந்தப் பெயர். ஆறுகளின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்தால், வழக்கமான நீரளவில் இப்பகுதி இரண்டிலிருந்து மூன்று. ஓரளவு பயிற்சி பெற்றவர்கள் தக்க துணையோடு செல்லக்கூடியது. என் மகன் குறைந்த நீரில் மூன்று முறை இதைக் கடந்திருந்தான்.

நீர் உயர்ந்தால் இதே பகுதி வேறோர் ஆறாகிவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதன் வேகம் இரட்டித்தால், அது நம்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். வழக்கமாகப் பாறைகளின் பின்னால் நீர் தேங்கி, மேல்நோக்கி மெல்லத் திரும்பும் இடங்கள் இருக்கும். ‘எடி’ என்று அழைக்கப்படும் அந்த இடங்களில்தான் படகோட்டி ஒதுங்கி இளைப்பாறுவான், அடுத்த பகுதியைப் பார்த்துத் தெளிவான். வெள்ளத்தில் பாறைகள் மூழ்கும்போது அந்த ஒதுங்குமிடங்களும் மறைந்துவிடுகின்றன. கரையோர மரங்கள் ஆற்றுக்குள் நிற்கின்றன. தண்ணீர் கிளைகளின் ஊடே சல்லடையில் புகுவதுபோல் புகுந்து போகும். மனித உடல் போகாது, அங்கேயே அழுந்தி நின்றுவிடும். படகோட்டிகள் பெரிய அலையைவிட அதிகம் அஞ்சுவது அந்த மரங்களைத்தான்.

அன்று டிசம்பர் மாதத்து ஞாயிறு. முந்தைய இரவு முழுதும் மழை. ஃபஜ்ரு தொழுதுவிட்டு ஆற்றின் அளவைப் பார்த்தேன். இங்கே சுற்றுச்சூழல் முகமை ஆறுகளின் நீர்மட்டத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. மேலே கிழக்கு டார்ட்டில் பெல்லவர் என்னுமிடத்திலும், கீழே ஆஸ்டின்ஸ் பிரிட்ஜ் என்னுமிடத்திலும் அளவுகோல்கள் உள்ளன. பெல்லவரின் கோடு இரவு இரண்டு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறியிருந்தது. மேலே ஏறிய நீர் சிறிது நேரத்தில் கீழே வந்துசேரும். மகனிடம் காட்டினேன். “இன்று நல்ல தண்ணீர்!” என்று அவன் முகம் மலர்ந்தது.

டிசம்பரில் இங்கே பகற்பொழுது எட்டு மணி நேரமே. லுஹருக்கும் அஸருக்கும் இடையே இரண்டு மணி நேரங்கூட இருப்பதில்லை. குளிர்நீர் உடலைத் தொடாதிருக்க நாங்கள் அணியும் உடை கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டைகள் கொண்டது. ஒருமுறை அணிந்துவிட்டால் கழற்றுவது பெரும் வேலை. ஆகவே வெந்நீரைக் குடுவையில் எடுத்துச் சென்று, வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒளு செய்துவிட்டு உடை மாற்றுவது எங்கள் வழக்கம். மனைவி சமோசாவும் இஞ்சித் தேநீரும் பதினைந்து பேருக்குப் போதுமான அளவு கட்டித் தந்திருந்தார்.

நியூபிரிட்ஜில் பதினொரு பேர் கூடினோம். வண்டியைவிட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது ஆற்றின் ஓசை. வழக்கமாகச் சலசலப்பாகக் கேட்கும் அது, அன்று தரைக்குள்ளிருந்து எழும் உறுமலாக இருந்தது. நீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில், நுரையையும் முறிந்த கிளைகளையும் சுமந்து ஓடியது. நாங்கள் வழக்கமாக நின்று படகில் ஏறும் பாறைத்திட்டைக் காணவில்லை. அது எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே ஒரு வழவழப்பான நீர்மேடு மட்டும் எழுந்திருந்தது.

அன்றைய பொறுப்பாளர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். அறுபது வயதைக் கடந்த பெண்மணி. முப்பது ஆண்டுகளாக இந்த ஆற்றை அறிந்தவர். யாரும் உடை மாற்றுமுன் எல்லோரையும் பாலத்தின்மேல் அழைத்துச் சென்று, ஐந்து நிமிடம் பேசாமல் ஆற்றைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். வயதில் இளையவரிடமிருந்து தொடங்கினார். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் தம் அச்சத்தை மறைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. எங்கள் மன்றத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு: ‘இன்று எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்கக் கூடாது.

என் மகன்தான் இளையவன். “நான் தயார்” என்றான். கல்லூரி மாணவர் ஒருவர் தயங்கி, “எனக்கு உறுதியாகத் தெரியவில்லை” என்றார். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், “இன்று எனக்கு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அவருடைய மனைவியும் அவரோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். யாரும் புருவம் உயர்த்தவில்லை.

எல்லோரும் பேசி முடித்த பின் பொறுப்பாளர் தம் முடிவைச் சொன்னார். “குறைந்த நீரில் ஒருவர் கவிழ்ந்து நீந்தினால், ஐம்பது மீட்டருக்குள் அவரைக் கரை சேர்த்துவிடுவோம். இன்று அரை கிலோமீட்டர் ஆகலாம். வழியில் மரங்கள் இருக்கின்றன. ஓடும் நீரில் ரோல் உறுதியாக உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம். மற்றவர்களுக்கு இன்று கரையில் வேலை இருக்கிறது.” என் மகனின் ரோல் நீச்சல் குளத்தில் பத்துக்குப் பத்து, ஓடும் ஆற்றில் பத்துக்கு ஐந்தோ ஆறோ. இதை அவனும் அறிவான். ஏழு பேர் ஆற்றில் செல்வதென்றும், நால்வர் வண்டிகளைக் கீழே கொண்டுசென்று, நாங்கள் கரையேறும் இடத்தில் மீட்புக் கயிற்றோடு நிற்பதென்றும் தீர்மானமாயிற்று. அந்த இடத்தைத் தவறவிட்டால் வெள்ளம் எங்களைக் கீழே தடுப்பணைகளின் பக்கம் கொண்டுபோய்விடும். ஆகவே அது பெயரளவுக்குக் கொடுத்த வேலையன்று.

மகன் என்னைத் தனியே அழைத்தான். கண்கள் கலங்கியிருந்தன. “வாப்பா, நீங்கள் போகிறீர்கள். நான் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பயந்தவன் என்று நினைப்பார்கள்” என்றான். சற்று நிறுத்தி, “அல்லாஹ் எழுதியதுதான் நடக்கும் என்று நீங்களே சொல்வீர்களே. பிறகு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?” என்று கேட்டான்.

உம்மா கேட்ட கேள்வியின் மறுபுறம் இது என்று எனக்குத் தோன்றியது. ஆபத்தைத் தேடிப் போவானேன் என்பது அவர் கேள்வி. விதியை நம்புகிறவன் ஆபத்தை எண்ணுவானேன் என்பது இவன் கேள்வி. மற்றவர்கள் உடை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். நீண்ட விளக்கத்துக்கு நேரமில்லை. “எழுதப்பட்டதை நீயும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. நம்மால் படிக்க முடிவது இந்த ஆற்றை மட்டும்தான். அதைப் படித்துவிட்டுப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். பயணத்தில் ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டால், மனத்துக்குப் பிடித்த முடிவுக்கு மட்டும் கட்டுப்படுவதில் பொருளில்லை” என்றேன். அவன் பதில் சொல்லாமல் மீட்புக் கயிற்றுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

நானும் என்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டேன்: எனக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள், ஊரில் உம்மா இருக்கிறார், நான் இறங்கலாமா? இதே அளவு நீரில் நான்கு ஆண்டுகள் இந்த ஆற்றில் பழகியிருக்கிறேன், என்னோடு வரும் ஆறு பேரையும் அறிவேன், உடலில் களைப்பில்லை, மனத்தில் யாருக்கும் எதையும் நிரூபிக்கும் அவசரமில்லை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கரையில் நின்றிருப்பேன். பிஸ்மில்லாஹ் சொல்லிப் படகில் அமர்ந்தேன்.

வெள்ளத்தில் ஆறு எவ்வளவு விரைவாக நம்மை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொற்களால் விளக்குவது கடினம். ஸ்பிட்ச்விக் புல்வெளியோரம், கோடையில் குடும்பங்கள் குளித்து மகிழும் அமைதியான நீர்நிலை, அன்று ஓர் அகன்ற பழுப்புச் சாலையாக விரைந்தது. இருவருக்கிடையே இடைவெளி விட்டு, முன்னிருப்பவர் பின்னிருப்பவரைப் பார்க்கும்படி சென்றோம். பேச்சு கேட்காது, விசிலும் துடுப்பின் சைகையுமே மொழி. சைகை எப்போதும் செல்ல வேண்டிய பக்கத்தையே காட்டும். ஆபத்து இருக்கும் பக்கத்தை யாரும் சுட்டுவதில்லை. பதற்றத்தில் உள்ளவன் காட்டிய திசையிலேயே போய்விடுவான் என்பதால் இந்த விதி.

‘லவர்ஸ் லீப்’ என்னும் இடத்தில் ஆறு ஒரு செங்குத்துப் பாறையை நோக்கி விரைந்து, அதில் மோதித் திரும்புகிறது. முதல் நால்வர் கடந்தோம். ஐந்தாவதாக வந்தவர் ஒரு தச்சர். எங்களுள் மிகத் தேர்ந்தவர். மற்றவர்களுக்கு ரோல் கற்பித்தவர். பாறையில் மோதித் திரும்பிய அலை பக்கவாட்டில் எழுந்து அவர் படகைப் புரட்டியது. ஒருமுறை நிமிர முயன்றார். இரண்டாம் முறை முயன்றார். பாதி எழுந்து மீண்டும் சாய்ந்தார். மூன்றாம் முறைக்குப் பின் படகின் அருகே அவருடைய தலைக்கவசம் தனியாக மேலே வந்தது. விசில் மூன்று முறை ஒலித்தது.

இத்தகைய நேரத்தில் முறை ஒன்றுதான்: முதலில் ஆள், அடுத்து படகு, கடைசியில் துடுப்பு. அவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் உயர்த்தி மிதந்தார். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொள்ளும். பிறகு நீர் உடலை முன்னே தள்ளித் தலையை அமிழ்த்திவிடும். பொறுப்பாளர் அவரருகே சென்று தம் படகின் பின்கைப்பிடியைப் பற்றச் செய்தார். நான் மறுபக்கம் சென்று, கீழே நீருக்குள் சாய்ந்து நின்ற மரத்துக்கும் அவருக்கும் இடையே என் படகை வைத்துக்கொண்டேன். அந்த மரம் எங்களைக் கடந்து போனபோது அதன் கிளைகளில் நீர் சீறுவதை மிக அருகில் கேட்டேன். ஒதுங்க ஓரிடம் கிடைப்பதற்குள் ஏறத்தாழ நானூறு மீட்டர் சென்றுவிட்டோம்.

கரையேறியபோது அவரால் சிறிது நேரம் பேச முடியவில்லை. உடை நனையவிடாமல் காத்திருந்தும், ஐந்தாறு பாகைக் குளிர்நீர் முகத்திலும் கைகளிலும் செய்த வேலையால் விரல்கள் மடங்க மறுத்தன. படகை இருவர் மீட்டுவிட்டார்கள், துடுப்பு போய்விட்டது. பொறுப்பாளர் தம் படகில் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த மாற்றுத் துடுப்பைப் பொருத்திக் கொடுத்தார். சூடான தேநீர் குடித்து, இருபது நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு, இன்னும் மெதுவாக, இன்னும் நெருக்கமாக எஞ்சிய தொலைவைக் கடந்தோம்.

ஹோல்ன் பாலத்தைக் கடந்து வந்தபோது மழை மீண்டும் தொடங்கியிருந்தது. கரையேறும் இடத்தில் நான்கு உருவங்கள் இடைவெளிவிட்டு நின்றன. முன்னே, நீருக்கு மிக அருகில், ஆரஞ்சு நிறத் தலைக்கவசத்தோடு என் மகன். கயிற்றுப் பையின் வாய் திறந்திருந்தது. ஒரு கை கயிற்றின் நுனியைப் பற்றியிருந்தது. கால்கள் வீசுவதற்கு ஆயத்தமாக ஊன்றியிருந்தன. நாங்கள் வரத் தாமதமான நேரம் முழுதும் அவன் அப்படியே நின்றானாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கரையேறினோம். அந்தக் கயிறு அன்று பையைவிட்டு வெளியே வரவேயில்லை. தச்சர் கடைசியாக ஏறினார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது” என்றார்.

லுஹருக்கு நேரம் இருந்தது. உடை மாற்றிக்கொண்டு, ஒரு மரத்தடியில் தார்ப்பாயை விரித்து, திசைகாட்டியில் கிப்லாவைப் பார்த்து, நானும் மகனும் ஜமாஅத்தாகத் தொழுதோம். ஸஜ்தாவில் நெற்றியின்கீழ் நிலம் அசையாமல் இருப்பதை அன்று புதிதாக உணர்ந்தேன். தொழுது முடித்துத் திரும்பியபோது சமோசாக்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருந்தன.

வீடு திரும்பும் வழியில் பாதித் தொலைவு வரை மகன் பேசவில்லை. பிறகு, “வாப்பா, அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்?” என்று கேட்டான்.

“என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைத் தொடர்ந்து நான் வந்திருப்பேன். அந்த மரத்துக்குள் நீ போயிருந்தால் நானும் போயிருப்பேன். என்னைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்திருப்பார்கள்” என்றேன்.

அவன் நெடுநேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்படியென்றால் அது என் முடிவு மட்டும் இல்லை” என்றான். நான் சொல்ல விரும்பியதை அவனே சொல்லிவிட்டான்.

நம்மில் பலர் தவக்குல் என்பதைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கட்டுமா, கட்டிவிட்டு வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் அறிவோம். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷியரில் மூத்தோரையும் தனித்தனியே அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். கருத்துகள் வேறுபட்டன. முடிவில் திரும்பிவிடுவதென்று தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வருந்திக் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்னும் பொருள்பட உமர் (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். அந்தத் திரும்புதலைக் கோழைத்தனம் என்று வரலாற்றில் யாரும் எழுதவில்லை. அவர்களை நம்பி உடன்வந்தவர்களின் உயிர்களும் அந்த முடிவில் அடங்கியிருந்தன.

வெள்ளம் பெருகிய ஆறு எனக்கு உணர்த்தியதும் அதைத்தான். நீரில் இறங்கிய பின் முடிவெடுக்க நேரம் இல்லை. அங்கே கைகளும் கால்களும் ஏற்கெனவே கற்றதை மட்டுமே செய்யும். எண்ணிப் பார்ப்பதும், கலந்து பேசுவதும், வேண்டாம் என்பதும் கரையிலேயே நடந்துவிட வேண்டும். நம் உயிர் நமக்கு அமானிதம் என்கிறோம். நம்மை மீட்க நீரில் குதிப்பவரின் உயிரும் அந்த நொடியில் நம் கணக்கில்தான் சேர்கிறது.

படகு ஓட்டாத குடும்பங்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் சில செய்திகள் உண்டு. விடுமுறை நாட்களில் நாம் பிள்ளைகளோடு குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போகிறோம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலையில் பெய்யும் மழை, நாம் நிற்கும் இடத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் வந்துசேரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ, ஓசை மாறினாலோ, உடைமைகளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். முழங்கால் அளவு ஓடும் நீரே ஒரு மனிதரைச் சாய்க்கப் போதுமானது. ஓரடி ஆழ வெள்ளம் ஒரு காரை மிதக்கவைக்கக்கூடும். நீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களைக் கீழ்நோக்கிய திசையில் உயர்த்தி மிதந்து, கரைப்பக்கம் ஒதுங்க முயலுங்கள். பிறர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ, நீண்ட கிளையோ, முறுக்கிய துப்பட்டாவோ, காற்று நிறைந்த குடமோ, எது கிடைக்கிறதோ அதைக் கரையிலிருந்தே நீட்டுங்கள், வீசுங்கள்.

புறப்படுமுன் வண்டியில் அமர்ந்ததும் அன்றைய பொறுப்பாளர் யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டின் கடைசிப் பிள்ளைக்கும் உண்டு என்பதைச் சொல்லி வையுங்கள். சொன்ன பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். யார் இறங்காமல் கரையில் நிற்கிறாரோ, அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த வேலைக்கு நன்றியும் சொல்லுங்கள். வீசப்படாத கயிற்றோடு மழையில் நின்ற ஒரு பிள்ளையை, நீந்திக் களைத்த ஒருவர் எவ்வளவு தொலைவிலிருந்து தேடினார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் நீரிலும் நிலத்திலும் காத்தருள்வானாக. ஆமீன்.